புளூ ஃபேண்டம் – 'டிஸ்டார்ஷன்ஸ்' (இத்தாலி, 1971): பெயரை மறைத்து வந்த ஒரு இசைத்தட்டு

ஊசிமுனை:

இத்தாலிய ராக் என்று பேச்செடுத்தாலே அது பி.எஃப்.எம்., பாங்கோ, லே ஓர்மே என்று 1972–73 காலத்துப் பெரிய குழுக்களில் போய் நின்றுவிடுகிறது. அதற்குச் சற்று முன்னால், 1970–71இல், ஸ்டூடியோவிலேயே பிறந்து ஸ்டூடியோவிலேயே முடிந்துபோன சில இசைத்தட்டுகள் உண்டு. அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பற்றி இந்த இழை.

ஆல்பத்தின் பெயர் 'டிஸ்டார்ஷன்ஸ்'. குழுவின் பெயர் புளூ ஃபேண்டம். மொத்தம் பத்து உருப்படிகள். எதற்கும் பாடல் வரி கிடையாது, பத்தும் வாத்திய இசை. ஃபஸ் கிட்டாரும் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி வழியாக வாசிக்கும் கிட்டார்) ஹாமண்ட் என்ற மின் ஆர்கனும் முன்னால் நிற்க, பேஸும் டிரம்ஸும் விடாமல் தள்ளிக்கொண்டு போகும். இசையமைப்பாளர் என்று போட்டிருப்பது எச். டிக்கால் என்ற பெயரை. அப்படி ஓர் ஆள் கிடையாது. அது அர்மாண்டோ ஷாஷாவின் புனைபெயர்.

ஷாஷா யார் என்று தெரிந்த பிறகு இந்த ஆல்பம் எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. 1920இல் அப்ருத்சோ பகுதியின் லான்ச்சானோ ஊரில் பிறந்தவர். வயலின் கலைஞர், இசைக்குழு நடத்துநர், திரைப்பட இசையமைப்பாளர். 1960களின் தொடக்கத்தில் மிலானில் வெடெட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய, தந்தி வாத்தியங்களோடு வளர்ந்த ஒருவர் ஃபஸ் கிட்டாருக்கென்றே ஒரு முழு ஆல்பம் எழுதுகிறார். சொந்தப் பெயரைப் போடவில்லை. ஆனால் இசையில் எந்தச் சோம்பலும் இல்லை. அதைத்தான் இங்கே பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

'டியோடோ'வில் தொடங்குங்கள். அதன் பிறகு 'மைக்ரோகேயாஸ்', 'வயலென்ஸ்', 'சைக்கோ-நெபுலஸ்'. நல்ல ஹெட்போனில், இடையில் வேறு வேலை பார்க்காமல் கேளுங்கள்.


பழைய_வானொலி:

நல்ல அறிமுகம். ஆனால் என் கருத்து வேறு.

இதே ஆல்பத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். நன்றாக வாசித்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சைகடெலிக் இசை (மனமயக்க அனுபவத்தை ஒலியில் தேடும் ராக் வகை) என்று எதைச் சொல்கிறோம்? அது ஒரு வாழ்க்கையிலிருந்து வந்தது. இரவு முழுக்க மேடையில் வாசித்து, கேட்பவர்களோடு சேர்ந்து வளர்ந்து, தப்பும் தடுமாற்றமுமாகப் பிறந்த இசை. இங்கே ஒரு நிறுவன முதலாளி, சந்தையில் என்ன ஓடுகிறது என்று பார்த்து, கூலிக்கு வாசிப்பவர்களைக் கூப்பிட்டு, அந்த ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆங்கிலப் பெயர், ஆங்கிலத் தலைப்பு, இல்லாத ஆளின் கையெழுத்து. இதை உண்மையான சைகடெலிக் ஆல்பங்களோடு ஒரே அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தாலியிலேயே அந்த உண்மையான வகைக்கு எடுத்துக்காட்டு இருக்கிறதே. ஓவியர் மாரியோ ஸ்கிஃபானோ பின்னால் நின்று நடத்திய லே ஸ்தெல்லே குழுவின் 1967 ஆல்பத்தைக் கேளுங்கள். அதில் கரடுமுரடு நிறைய. ஆனால் அங்கே ஒரு கூட்டம் மூச்சு விடுவது கேட்கும்.


கம்பி_நரம்பு:

கிட்டார் வாசிப்பவன் என்ற முறையில் ஒலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஃபஸ் பெட்டிக்குள் நடப்பது இதுதான்: கிட்டாரிலிருந்து வரும் சிறிய மின்னலையை டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிப் பெருக்கும். ஒரு எல்லைக்கு மேல் அலை உயர முடியாமல் அதன் தலையும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட அந்த இடத்தில்தான் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. சில வகைப் பெட்டிகளில் இந்த வெட்டு வேலையை டயோடு செய்யும். முதல் உருப்படிக்கு 'டியோடோ' என்று பெயர். ஆல்பத்துக்கே 'டிஸ்டார்ஷன்ஸ்'. இன்னொன்றுக்கு 'கம்ப்ரெஷன்'. எழுதியவருக்குத் தான் எதைக் கையில் எடுத்திருக்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஃபஸ் கிட்டாரை வைத்து எழுதுவது லேசான வேலை கிடையாது. முழுக் கார்டு (பல சுரங்களை ஒரே நேரத்தில்) பிடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதி சேறாகிவிடும். அதனால் ஒற்றைச் சுர வரிகளாக எழுத வேண்டும், இல்லையென்றால் ஐந்தாம் சுரத்தை மட்டும் துணைக்கு வைக்க வேண்டும். நடுவில் விழும் வெற்றிடத்தை வேறொரு வாத்தியம் நிரப்ப வேண்டும். இந்த ஆல்பத்தில் அதை ஆர்கன் செய்கிறது. கிட்டார் ஒரு வரியைச் சொல்லும்போது ஆர்கன் எங்கே இருக்கிறது, எப்போது மேலே வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். எதிர்மெட்டு எழுதிப் பழகிய கை அது.

பழைய_வானொலி அவர்களே, தப்பும் தடுமாற்றமும் இல்லாததைக் குறை என்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.


ஆர்கன்_ரசிகை:

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆல்பத்தைக் கொண்டுவருகிறேன், அப்போது இந்த விவாதம் தெளிவாகும். அதே 1971இல் வந்த த சைக்கிகிரவுண்ட் குரூப்பின் 'சைகடெலிக் அண்ட் அண்டர்கிரவுண்ட் மியூசிக்'. அதுவும் புனைபெயர், அதுவும் வாத்திய இசை. ஆனால் உள்ளே இருந்தது ஒரு நிஜமான குழு: ஜெனோவாவின் நுவோவா இதேயா. அதே ஆண்டில் 'இன் த பிகினிங்' என்று சொந்தப் பெயரில் ஆல்பம் போட்டு, பிறகு 1972இல் 'மிஸ்டர் இ. ஜோன்ஸ்', 1973இல் 'கிளவுன்ஸ்' என்று போனவர்கள்.

சைக்கிகிரவுண்டில் மொத்தமே ஐந்து உருப்படிகள். ஒவ்வொன்றும் தன் போக்கில் நீண்டுகொண்டு போகும். ஒருவர் ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் சுற்றி வருவார்கள், டிரம்ஸ் தனியாகப் போய்விட்டுத் திரும்பி வரும். கூட்டாக வாசித்துப் பழகியவர்களின் இசை அது.

'டிஸ்டார்ஷன்ஸ்' அப்படியே நேரெதிர். பத்து உருப்படிகள், பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு திருப்பம், ஒரு முடிவு. எங்கே நிறுத்த வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவானது. திரைப்படத்தில் காட்சி முடியும்போது இசையும் முடிய வேண்டும் அல்லவா? அந்தக் கட்டுப்பாட்டில் பல ஆண்டு வேலை செய்தவர், படமே இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இரண்டும் எனக்கு வேண்டும். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்க எடுப்பது ஷாஷாவைத்தான். சைக்கிகிரவுண்டில் சில நிமிடங்களை நான் பொறுத்துக்கொள்கிறேன். இதில் பொறுத்துக்கொள்ள வேண்டிய இடம் எனக்கு ஒன்றும் இல்லை.


பழைய_வானொலி:

ஆர்கன்_ரசிகை, உங்கள் ஒப்பீடே என் பக்கம்தான் பேசுகிறது. நுவோவா இதேயா பையன்கள் புனைபெயரில் வாசித்தபோதும் ஒரு குழுவாக வாசித்தார்கள். ஷாஷாவிடம் இருப்பது நல்ல எழுத்து. எழுத்து நன்றாக இருப்பதாலேயே அது சைகடெலிக் ஆகிவிடாது.

அந்த ஆங்கில வேஷத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இசையில் நம்பிக்கை இருந்தால் இத்தாலியப் பெயரிலேயே வந்திருக்கலாமே?


ஊசிமுனை:

அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1964இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' இத்தாலியில் வெளியானபோது படத்தில் இயக்குநர் பெயர் பாப் ராபர்ட்சன். அது செர்ஜியோ லியோனே. இசை டான் சாவியோ. அது என்னியோ மோரிக்கோனே. வில்லன் நடிகர் ஜான் வெல்ஸ். அது ஜான் மரியா வொலோந்தே. இந்தப் பெயர்களைப் பார்த்து அந்தப் படத்தின் இசையில் நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்வார்களா? வெளிநாட்டுச் சரக்கு என்றால்தான் ஓடும் என்று கணக்குப் போட்ட விநியோகஸ்தர்களுக்கு நடுவில் வேலை செய்தவர்கள் அவர்கள். பெயரை விட்டுக் கொடுத்தார்கள், வேலையை விட்டுக் கொடுக்கவில்லை. (லியோனேயின் அப்பாவும் இயக்குநர். ரொபெர்த்தோ ரொபெர்த்தி என்ற புனைபெயரில் படம் எடுத்தவர். ராபர்ட்சன் என்ற பெயருக்குள் அவர் இருக்கிறார்.)

அடுத்தது சட்ட விஷயம். இத்தாலியில் இசைக்கான உரிமைத்தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது எஸ்.ஐ.ஏ.இ. என்ற ஆசிரியர் சங்கம். 1882இலிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் அதில் இசையமைப்பாளராகப் பதிவு பெறத் தேர்வு எழுதித் தேற வேண்டும். பீட் குழுக்களில் (பீட்டில்ஸ் பாணிக் குழுக்கள்) இருந்த இளைஞர்கள் பலர் அந்தத் தேர்வைத் தாண்டாதவர்கள். அவர்கள் எழுதிய பாட்டைப் பதிவு பெற்ற வேறொருவர் தன் பெயரில் பதிவு செய்வார். வெடெட்டில் இருந்த பூஹ் குழுவின் முதல் காலப் பாடல்கள் பல பான்த்ரோஸ் என்ற பெயரில் இருக்கின்றன. அந்தப் பான்த்ரோஸும் ஷாஷாவேதான்.

ஆக இவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பான்த்ரோஸ் நிர்வாகத்துக்கான கையெழுத்து. அர்மாண்டோ ஷாஷா நிறுவன முதலாளி, வாத்தியக் குழு நடத்துநர். அந்தப் பெயரில் ஒரு தட்டை வாங்குகிறவர் வயலின்களை எதிர்பார்த்து வாங்குவார். ஃபஸ் கிட்டாருக்கு ஒரு புதிய பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பெயருக்கு முன்கதை கிடையாது, அதனால் அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் அவர் இப்படி எழுதியிருக்கிறார் என்பது என் வாசிப்பு.


நடுநிசி_நேயர்:

இந்த ஆல்பம் எனக்குப் புதிது. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் இப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது, நன்றி. ஒரு சந்தேகம்: அந்த வெடெட் நிறுவனம் இப்படிப் புனைபெயரில் செய்த தட்டுகளை மட்டும் போட்டதா? அல்லது பெரிய பெயர்களும் இருந்தார்களா?


கடைசித்தட்டு:

நடுநிசி_நேயர், வெடெட்டின் பட்டியலே ஒரு தனிக் கதை. சேகரிப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

ஈக்விப்பே 84 குழுவின் முதல் எல்.பி. (நீள இசைத்தட்டு) 1965இல் இங்கிருந்துதான் வந்தது. பூஹ் குழுவின் முதல் எல்.பி. 1966இல் வந்ததும் இங்கிருந்துதான். பூஹ் பிறகு இத்தாலியின் மிகப் பெரிய பாப் குழுக்களில் ஒன்றாக ஆனது. அமெரிக்காவின் த டோர்ஸ் இசைத்தட்டுகள் இத்தாலியில் வெடெட் முத்திரையோடு விற்பனையாயின. அதாவது ஷாஷாவின் மேசைக்கு டோர்ஸ் பாடகர் ஜிம் மாரிசனின் குரல் சுடச்சுட வந்து சேர்ந்திருக்கிறது. ஹாமண்டையும் ஃபஸ்ஸையும் அவர் எங்கோ கேள்விப்பட்டு எழுதவில்லை.

இன்னொரு பக்கம், நாட்டுப்புற இசை ஆய்வாளர் ரொபெர்த்தோ லேய்தியோடு சேர்ந்து அல்பாத்ரோஸ் என்ற தொடர். இத்தாலியக் கிராமங்களிலும் பிற நாடுகளிலும் ஒலிப்பதிவு செய்த இசை அதில் வந்தது. அப்புறம் ஐ திஸ்கி தெல்லோ ஸொதியாகோ என்ற துணை முத்திரை. 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இன்டி-இல்லிமானி குழு ஐரோப்பாவில் பயணத்தில் இருந்தது. ஊர் திரும்ப முடியாமல் இத்தாலியிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய 'விவா சிலே!' வந்தது அந்த முத்திரையில். இத்தாலியில் அந்தத் தலைமுறைக்கு அது எவ்வளவு முக்கியமான தட்டு என்று சொல்ல வேண்டியதில்லை.

சந்தையில் ஓடுவதை மட்டும் பார்க்கிற ஆள் ஆட்டிடையர்களின் பாட்டைத் தட்டாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். பழைய_வானொலி 'முதலாளி' என்று சொன்னது சரிதான், ஆனால் எப்படிப்பட்ட முதலாளி என்பதையும் பார்க்க வேண்டும்.

தட்டு வாங்க நினைப்பவர்களுக்கு: மூலப் பதிப்பு கிடைப்பது அரிது, விலையும் சாதாரணமாக வாங்கும் நிலையில் இல்லை. இங்கிலாந்திலும் அப்போதே ஒரு பதிப்பு வந்தது. பிற்காலத்தில் எல்.பி.யாகவும் சி.டி.யாகவும் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. கேட்பதற்கு அவை போதும். மூலத்தை வாங்குவதாக இருந்தால் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். தட்டின் நடுவில், ஓட்டத் தடம் முடியும் இடத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.


கம்பி_நரம்பு:

'அந்த ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்', அதாவது பிரிட்டனைப் பார்த்து எடுத்துக்கொண்டார், என்ற வாதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

பிரிட்டிஷ் குழுவான பிங்க் ஃபிளாய்டின் தொடக்கக் காலத்தில் சிட் பேரட்டின் கிட்டாரை விண்வெளியில் மிதக்கவிட்டது ஒரு எதிரொலிப் பெட்டி: பின்சன் எக்கோரெக். செய்த ஊர் மிலான். மற்ற எதிரொலிப் பெட்டிகளில் ஒலிநாடா ஓடும். இதில் சுழலும் காந்த உருளை, அதைச் சுற்றிப் பல தலைகள். எதிரொலி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும்.

அதே குழுவின் ரிக் ரைட் முதல் சில ஆண்டுகள் வாசித்த ஆர்கன் ஃபார்ஃபிசா. அது இத்தாலியின் மார்க்கே பகுதியில் பிறந்தது. காஸ்தெல்ஃபிதார்தோவைச் சுற்றியுள்ள அந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அக்கார்டியன் செய்தார்கள். டிரான்சிஸ்டர் காலம் வந்ததும் அதே பட்டறைக் கைகள் மின் ஆர்கனுக்கு மாறின.

வாக்ஸ் என்ற ஆங்கிலப் பெயர் தாங்கிய வா-வா பெட்டிகளையும் (கிட்டார் ஒலியை வாய் திறந்து மூடுவது போல மாற்றுபவை) டோன் பெண்டர் ஃபஸ் பெட்டிகளையும் செய்து அனுப்பியது பெஸ்காராவில் இருந்த ஜென் எலெக்ட்ரோனிக்கா. பெஸ்காரா அப்ருத்சோவில் இருக்கிறது. ஷாஷாவின் லான்ச்சானோவும் அப்ருத்சோதான். அவர் சொந்த ஊருக்குப் பக்கத்தில் செய்த பெட்டிகள் லண்டனுக்குப் போய், அங்கே இசையாகி, டோர்ஸ், கிரீம் என்று எல்லோருடைய ஒலியோடும் கலந்து மிலானுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று கோடு கிழிப்பது அவ்வளவு எளிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரோமில் பைப்பர் கிளப் 1965இலேயே திறந்துவிட்டார்கள். 1968 ஏப்ரலில் பிங்க் ஃபிளாய்ட் அங்கே வந்து வாசித்தார்கள். அடுத்த மாதமே கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிலானிலும் ரோமிலும் வாசித்தார். இந்த ஆல்பம் 1971. மூன்று வருடம் கழித்து வந்த இசை அவசரத்தில் செய்த நகலாக இருக்க வேண்டிய தேவை இல்லை.


பழைய_வானொலி:

பின்சன், ஃபார்ஃபிசா விஷயம் நியாயமானது, ஏற்றுக்கொள்கிறேன். கடைசித்தட்டு எழுதிய வெடெட் பட்டியலும் எனக்கு நிறைய யோசிக்கக் கொடுத்தது.

ஆனால் நீங்கள் எல்லோரும் ஷாஷாவைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மனத்தாங்கல் உண்மையில் வேறொரு இடத்தில் இருக்கிறது. அந்த ஃபஸ் கிட்டாரை வாசித்தது யார்? அந்த ஆர்கனில் உட்கார்ந்தது யார்? 'வயலென்ஸ்' முழுக்க அந்த டிரம்ஸை அப்படி அடித்தது யார்? உறையில் ஒரு பெயர்கூட இல்லை. முதலாளியின் முகமூடியை ஐம்பது ஆண்டு கழித்து ரசிகர்கள் கழற்றி மாலை போட்டுவிட்டோம். வாசித்தவர்களுக்கு முகமூடிகூடக் கிடையாது. எச். டிக்கால் என்ற பொய்ப் பெயருக்கு உரிமைத்தொகை போகும். நிஜமான விரல்களுக்கு அன்றைய கூலியோடு சரி.

'பெயரை மறைத்ததால் சுதந்திரம் கிடைத்தது' என்று ஊசிமுனை அழகாகச் சொன்னார். அந்தச் சுதந்திரம் ஒருவருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது வெறும் மறைவு. சைகடெலிக் இசையில் ஒரு குழு என்பது எனக்கு ஏன் முக்கியம் என்றால், குழுவில் எல்லோருக்கும் பெயர் இருக்கும்.


ஆர்கன்_ரசிகை:

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை, எதிர்வாதம் செய்யவும் விருப்பம் இல்லை. இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு வாழ்க்கையை மட்டும் சொல்கிறேன்.

அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனி. 1925இல் ரோமில் பிறந்தவர். மோரிக்கோனேயின் பழைய நண்பர். லியோனே படங்களில் அந்தச் சீழ்க்கை ஒலி யாருடையது என்று கேட்டால் இன்று உலகமே பதில் சொல்லும், அவருடையது என்று. மோரிக்கோனேயின் பல திரையிசைகளில் கேட்கும் சேர்ந்திசைக் குழுவான ஐ கன்தோரி மொதெர்னி அவர் தொடங்கியது. பியெரோ உமிலியானி 1968இல் ஒரு ஆவணப்படத்துக்காகச் செய்த 'மா நா மா நா'வில் பாடியதும் அவரும் அவர் மனைவி ஜூலியாவும்தான். அது பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பொம்மைகள் வழியாக உலகம் முழுக்கப் போனது. பல ஆண்டுகள் அவர் மற்றவர்களின் இசைக்குள் பெயரில்லாமல் இருந்தார்.

அவரே பிராயென் என்ற புனைபெயரில் த பிராயென்ஸ் மெஷீன் என்று ஒரு குழுவை வைத்து 1971இல் 'அண்டர்கிரவுண்ட்' என்ற வாத்திய ஆல்பம் செய்தார். கனமான ஃபஸ், இறுக்கமான டிரம்ஸ். கடையில் விற்பதற்காகச் செய்தது கிடையாது. தொலைக்காட்சி, வானொலி நிகழ்ச்சிகளின் பின்னணிக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு அனுப்பும் வகைத் தட்டு. அப்படிப்பட்ட தட்டுகளில் 'கொலை', 'ராணுவப் போலீஸ்' என்று தலைப்பிலேயே காட்சியைச் சொல்லிவிடுவார்கள், நிகழ்ச்சித் தயாரிப்பாளர் தேடி எடுக்க வசதியாக. 'டிஸ்டார்ஷன்ஸ்' தலைப்புகளிலும் அந்த வாடை எனக்கு அடிக்கிறது, ஆனால் இங்கே காட்சிக்குப் பதில் ஆய்வுக்கூடம்: 'ஈக்விலிப்ரியம்', 'டிஸ்டிலேஷன்', 'மெட்டமார்ஃபசிஸ்'. 'டிப்னோய்' என்பது நுரையீரல் மீன் வகை.

அலெஸ்ஸாந்த்ரோனி 2017இல் நமீபியாவில் காலமானபோது உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. கூலிக்கு வாசித்த ஒருவர் தன் பெயரோடு வெளியே வந்த அரிய கதை அது. அரிய கதை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.


ஊசிமுனை:

பழைய_வானொலி அவர்களே, நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

வாசித்தவர்களின் பெயர் இல்லாதது அநியாயம். இதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் அந்த அநியாயத்தைக் காரணமாக்கி அவர்கள் வாசித்ததை ஒரு படி கீழே வைத்தால், அவர்கள் இரண்டாம் முறையும் இழக்கிறார்கள். முதலில் பெயர் போனது, இப்போது இசையின் மதிப்பும் போகிறது. 'கூலிக்கு வாசித்தவர்கள்' என்று உங்கள் முதல் பதிவில் எழுதினீர்கள். மேடைக் குழுவும் காசுக்குத்தான் வாசிக்கிறது. ஸ்டூடியோவில் காலையில் விளம்பரத்துக்கு வாசித்து, மதியம் ஒரு காதல் பாட்டுக்கு வாசித்து, மாலையில் தாளில் ஃபஸ் வரியைப் பார்த்ததும் அந்தக் கிட்டார் கலைஞருக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'சைக்கோ-நெபுலஸ்' கேட்கும்போது எனக்கு அந்த ஆளின் சந்தோஷம் தெளிவாகவே காதில் விழுகிறது. எழுதிக் கொடுத்ததை வெறுமனே ஒப்பித்தவர் அப்படி வாசிக்க மாட்டார்.

பெயர்கள் விஷயத்தில் இத்தாலியே ஒரு நல்ல உதாரணமும் தந்திருக்கிறது. 1970இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 'த ஃபீட்-பேக்'. உறையில் குழுவின் பெயர் வெறுமனே த குரூப். உள்ளே இருந்தது ஃபிராங்கோ எவான்ஜெலிஸ்தி 1964இல் தொடங்கிய நுவோவா கொன்சொனான்சா என்ற திடீர்-இசைக் குழு. எல்லோரும் முறையாகப் படித்த இசையமைப்பாளர்கள். டிரம்பெட் வாசித்தது மோரிக்கோனே. டிரம்ஸ் தாளம் ஒரே இடத்தில் சுழல, மற்றவர்கள் அதன் மேல் ஒலியைக் கிழித்துக்கொண்டு போவார்கள். அங்கேயும் பெயர் சுருங்கியது, ஆனால் யார் யார் வாசித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். 'டிஸ்டார்ஷன்ஸ்' உறையிலும் அப்படி ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும்.


கடைசித்தட்டு:

புனைபெயர்ப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், சைகடெலிக் அல்ல என்றாலும். 1974இல் வந்த 'ஃபீலிங்ஸ்', ஜே ரிச்ஃபர்ட், கேரி ஸ்டீவன் என்ற இரண்டு பெயர்களில். இரண்டு பேருமே கிடையாது. ஸ்தெஃபானோ தோரோஸ்ஸியும் அவர் நண்பர்களும் செய்தது. பின்னாளில் எவ்வளவோ பேர் அந்தத் தட்டைத் தேடி அலைந்தார்கள்.

ஜெனோவாவின் ரெவெர்பேரி சகோதரர்களையும் மறக்கக் கூடாது. மூத்தவர் ஜான் ஃபிராங்கோ, நைன்ட்டி என்ற புனைபெயர் வைத்திருந்தவர். நுவோவா இதேயா கலைஞர்களை வைத்து த அண்டர்கிரவுண்ட் செட் என்ற இன்னொரு மறைமுகக் குழுவை நடத்தியது அவர்தான். சகோதரர்கள் இருவரும் 1968இல் ஒரு வெஸ்டர்ன் படத்துக்குச் செய்த இசைத்துண்டு, 2006இல் அமெரிக்க இருவர் குழுவான நார்ல்ஸ் பார்க்லியின் 'கிரேஸி' பாட்டுக்கு அடித்தளமானது. பாட்டின் ஆசிரியர்களாக அவர்கள் பெயரும் இருக்கிறது. எழுதியவர் பெயர் பதிவேட்டில் இருந்ததால்தான் அது நடந்தது. வாசித்தவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. பழைய_வானொலி சொல்வதன் வலி எனக்கு அங்கேதான் புரிகிறது.


நடுநிசி_நேயர்:

நேற்று இரவு முழு ஆல்பத்தையும் கேட்டேன், பிறகு சைக்கிகிரவுண்டையும்.

ஆச்சரியம் என்னவென்றால், எனக்குச் சைக்கிகிரவுண்டுதான் முதலில் பிடித்தது. உள்ளே போய்த் தொலைந்துபோக இடம் நிறைய. 'டிஸ்டார்ஷன்ஸ்' ஒவ்வொரு தடவையும் நான் ஒரு மனநிலைக்குள் நுழையும் நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் இன்று காலை மனதில் ஓடிக்கொண்டிருந்தது 'டியோடோ'வின் மெட்டு. சைக்கிகிரவுண்டிலிருந்து ஒரு வரியைக்கூட என்னால் முணுமுணுக்க முடியவில்லை.

'ஈக்விலிப்ரியம்' பற்றி யாரும் எழுதவில்லையே, ஏன்?


ஆர்கன்_ரசிகை:

நடுநிசி_நேயர், நீங்கள் சொன்னதைவிடத் தெளிவாக இந்த இரண்டு ஆல்பத்தின் வேறுபாட்டை நானும் சொல்லவில்லை. 'ஈக்விலிப்ரியம்' பற்றி நீங்களே எழுதுங்கள். முதல் தடவை கேட்ட காது பிடிப்பதைப் பழகிய காது விட்டுவிடும்.


பழைய_வானொலி:

ஊசிமுனை, 'இரண்டாம் முறையும் இழக்கிறார்கள்' என்ற வரி சரியான இடத்தில் தைத்தது. ஆல்பத்தை மறுபடி எடுத்தேன், இந்த முறை எழுதியவரை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து. வேகமான இடங்களில் அந்த ஆள் சிம்பலை எப்படி அடக்கி வைக்கிறார் என்று கேளுங்கள். ஆர்கன் மேலே வர வேண்டிய நொடிகளில் தான் ஒதுங்கி வழிவிடுகிறார். பக்கத்தில் வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டே வாசிப்பவர்தான் அப்படிச் செய்வார். ஒரு குழுவிடம் நான் தேடுவது அதைத்தான், அது இங்கே இருக்கிறது.

ஆங்கிலப் பெயர் இன்னும் எனக்கு உறுத்துகிறது, அது போகாது. கம்பி_நரம்பு, 'கம்ப்ரெஷன்' உருப்படியில் பேஸ் கிட்டாரும் ஃபஸ் கிட்டாரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கின்றனவா, அல்லது பேஸ் தனியாகப் போகிறதா? என் ஸ்பீக்கரில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது என்று எழுதுங்கள்.